பியாஜேயை யாருக்காகப் படிக்கிறோம்?

கல்வி உளவியலின் முதல் வகுப்புக்கு வரும்போதே ஆசிரிய மாணவர்கள் அந்தப் பாடத்தைப் பற்றி ஒரு தீர்ப்போடுதான் வருகிறார்கள். தீர்ப்பைக் கொடுத்தவர்கள் சீனியர்கள். "உளவியல் லேசு, ரியூட்டப் பாடமாக்கினா போதும்" என்பது அதில் ஒரு பாதி. ரியூட் என்றால் வகுப்பில் கொடுக்கும் குறிப்புத்தாள். "பள்ளிக்கூடத்துக்குப் போனா அதெல்லாம் ஒன்னுக்கும் உதவாது" என்பது மறு பாதி. லேசானது, உதவாதது என்ற இரண்டு பெயரும் ஒரு பாடத்துக்கு முதல் நாளே விழுந்துவிட்டால் அதன் பிறகு யார் என்ன படிப்பித்தாலும் அது பரீட்சைத்தாளைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம்.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதிகளான ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் ஆசிரியராகப் போகிறவர்களுக்கும், ஏற்கெனவே ஆசிரியராக இருந்துகொண்டு வார இறுதியில் டிப்ளோமா படிக்க வருகிறவர்களுக்கும் இந்த அறிமுகப் பாடத்தைப் படிப்பித்து வருகிறேன். இவர்கள் மனதில் இந்தப் பாடம் என்னவாக இருக்கிறது, அது எந்த இடத்தில் அசைகிறது, எந்த இடத்தில் அசைய மறுக்கிறது என்பதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மலையகத்தில் இது ஒரு பாடத்தைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதோடு முடிகிற விஷயம் இல்லை என்பது என் எண்ணம்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மனதோடு வருவதில்லை. பத்தொன்பது, இருபது வயதில் உயர்தரம் முடித்த கையோடு வருகிற பிள்ளைகளில் சிலர் உளவியல் என்றதும் கண் விரிய உட்கார்ந்திருப்பார்கள். அடுத்தவர் மனதைப் படிக்கலாம், கோபத்தை அடக்கலாம், தூக்கம் வராததற்குக் காரணம் கண்டுபிடிக்கலாம் என்று ஓர் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை நான் மதிக்கிறேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒரு காம்பராவும் (அறையும்) இஸ்தோப்பும் (முன் திண்ணையும்) உள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தன் மனதைப் பற்றித் தனியாக யோசிக்க ஒரு மூலை கிடைத்திருக்காது. அந்த மூலையை இந்தப் பாடம் தரும் என்று அது நம்புகிறது. மூன்றாவது வாரம் கற்றல் எப்படி நடக்கிறது என்று மிருகங்களை வைத்துச் சோதித்த தோண்டைக்கின் பூனையும் பவ்லோவின் நாயும் வரும்போது அந்த முகங்களில் ஒரு வாட்டம் தெரியும்.

வார இறுதி வகுப்புக்காரர்கள் வேறு ரகம். அவர்களில் ஆசிரிய உதவியாளராக மாதம் 6,000 ரூபா, பிறகு 10,000 ரூபா என்ற கொடுப்பனவில் தோட்டப் பாடசாலைகளில் தொழில் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். தடுப்பே இல்லாத மண்டபத்தில் பக்கத்து வகுப்பின் வாய்பாட்டுச் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் படிப்பித்தவர்கள். ஆசிரியர் குறைந்த பள்ளிக்கூடத்தில் இரண்டு மூன்று தரங்களை ஒன்றாக உட்கார வைத்துச் சமாளித்தவர்கள். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நனைந்த குடையோடு உட்காரும் அவர்களுக்கு, பிள்ளையின் சிந்தனை வளர்வதைப் பருவங்களாகப் பிரித்துச் சொன்ன சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் நான்கு பருவங்களைப் பலகையில் எழுதும்போது என் முதுகுக்குப் பின்னால் எழும் மௌனம் எனக்கு நன்றாகவே புரியும். ஒருவர் ஒருமுறை நேராகவே கேட்டார். "மிஸ், அந்த மனுஷன் பார்த்தது அவரோட சொந்தப் புள்ளைங்க மூணு பேர. அதுவும் சுவிட்சர்லாந்துல. எங்க தோட்ட டிவிஷன் புள்ளைங்களுக்கு இது எப்படிப் பொருந்தும்?"

நல்ல கேள்வி. அடியோடு தவறான கேள்வியும் இல்லை. பியாஜே தன் மூன்று பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்துத்தான் குழந்தையின் ஆரம்ப மாதங்களைப் பற்றிய தன் கருத்துகளைக் கட்டினார். பிறகு வேறு நாடுகளில் அதைச் சோதித்தவர்கள் பருவங்களின் ஒழுங்கு பெரும்பாலும் அப்படியே வந்தாலும், வயது இடத்துக்கு இடம் மாறுவதைக் கண்டார்கள். 1969இல் வெளியான ஓர் ஆய்வு மெக்சிகோவில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றியது. களிமண் உருண்டையை உருட்டி நீட்டினாலும் மண்ணின் அளவு மாறாது என்பதை அந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். கை பழகிய இடத்தில் புத்தியும் முந்திக்கொள்கிறது. இதைச் சொன்னதும் வகுப்பில் பேச்சு தொடங்கிவிடும். நம் பிள்ளைகளின் கை எதில் பழகியிருக்கிறது? தம்பி தங்கச்சியைத் தூக்கி வளர்ப்பதில், மிலாறு விறகுக் கட்டைக் கட்டிச் சுமப்பதில், பீலித் தண்ணீரை எந்த நேரத்தில் பிடித்தால் கூட்டம் இருக்காது என்று கணிப்பதில். இவற்றைப் பற்றி எந்தப் பாடநூலும் எழுதவில்லை என்ற உணர்வு அவர்களுக்கு அப்போது ஒரு கோபமாகவே வரும். அந்தக் கோபம் எனக்கு வேண்டும்.

இருந்தாலும் சுவிட்சர்லாந்து என்று சொல்லித் தள்ளிவிட முடியாத ஒன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் தவணை விடுமுறைக்குப் போகும்போது ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டில் ஐந்து, ஆறு வயதில் ஒரு பிள்ளை இருக்கும். ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் ஒரே அளவு தண்ணீர். பிள்ளையே பார்த்துச் சமம் என்று சொல்ல வேண்டும். பிறகு ஒன்றிலுள்ள தண்ணீரைப் பிள்ளையின் கண் முன்னாலேயே ஒடுக்கமான நெட்டைக் கிளாஸில் ஊற்றி, இப்போது எதில் கூட என்று கேட்க வேண்டும். வகுப்பில் இதை விளக்கும்போது பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். கண் முன்னாலேயே ஊற்றினால் எந்தப் பிள்ளையும் சரியாகச் சொல்லிவிடும் என்பார்கள். விடுமுறை முடிந்து வரும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும். "எங்க அக்கா மகன் நெட்டைக் கிளாஸ்லதான் கூடன்னு அடிச்சுச் சொல்றான் மிஸ். திரும்ப ஊத்திக் காட்டினேன், சமம்ங்கிறான். மறுபடி ஊத்தினா மறுபடியும் கூடங்கிறான். எங்கம்மாவும் பக்கத்துல நின்னு பார்த்துச் சிரிச்சாங்க."

அன்றைக்கு வகுப்பில் நடப்பதைத்தான் நான் இந்தப் பாடத்தின் தொடக்கம் என்று கருதுகிறேன். சின்னப் பிள்ளை என்பது குறைவாகத் தெரிந்த பெரிய மனிதர் என்று நினைத்திருந்தவர்கள், அந்தப் பிள்ளைக்கு உலகம் வேறு ஒழுங்கில் நிற்கிறது என்று முதல்முறை காண்கிறார்கள். பியாஜேயின் பருவங்களைப் புலனியக்கப் பருவம், தூல சிந்தனைப் பருவம் என்று எழுதிப் பாடமாக்கியபோது இது வந்திருக்காது.

அதோடு விட்டுவிடுவதும் சரியில்லை. பிள்ளை பிழையாகச் சொன்னது தெரியாததால்தானா என்று அடுத்த கேள்வி வர வேண்டும். 1974இல் மக்காரிகல், டொனால்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஸ்கொட்லாந்தில் இதே வகைச் சோதனையைச் சின்ன மாற்றத்தோடு செய்தார்கள். இரண்டு வரிசையில் சமமாக வைத்த பொருட்களைப் பெரியவர் கலைப்பதற்குப் பதிலாக ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து தற்செயலாகக் கலைத்துவிட்டது போல் காட்டினார்கள். அப்போது இன்னும் சமம்தான் என்று சரியான விடை சொன்ன பிள்ளைகளின் தொகை மிகவும் கூடிவிட்டது. டொனால்ட்சன் கொடுத்த விளக்கத்தை நான் வகுப்பில் மெதுவாகச் சொல்வேன். பெரியவர் ஒருவர் பொருளை வேண்டுமென்றே மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், பிள்ளை அந்தப் பெரியவரின் மனதைப் படிக்கப் பார்க்கிறது. என்னவோ மாறியிருக்கிறது, அதனால்தான் கேட்கிறார் என்று நினைக்கிறது.

இதைக் கேட்டதும் வார இறுதி வகுப்புக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் வகுப்பில் தினமும் நடப்பதுதான் இது. "நாலும் மூணும் எத்தனை?" பிள்ளை "ஏழு" என்கிறது. ஆசிரியர் பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்று "எத்தனை?" என்கிறார். பிள்ளை "எட்டு" என்று மாற்றிவிடுகிறது. திரும்பக் கேட்டாலே முதல் விடை பிழை என்று அந்தப் பிள்ளைக்கு யாரோ பழக்கிவிட்டிருக்கிறார்கள். அப்படிப் பழக்கியதில் நமக்கும் பங்கு உண்டா என்ற பேச்சில் ஒருமுறை ஒரு மணித்தியாலம் போய்விட்டது. அன்றைய பாடத்திட்டம் முடியவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

எங்களுக்கு முந்திய தலைமுறையில் இந்தப் பேச்சைப் பேச ஆள் இருந்திருக்காது. இலவசக் கல்வி 1945இல் வந்தபோது தோட்டப் பிள்ளைகளுக்கு அது முழுமையாக வந்து சேரவில்லை. தோட்ட நிர்வாகத்தின் கீழ் கிடந்த பள்ளிக்கூடங்களை அரசாங்கம் 1977 முதல்தான் பொறுப்பேற்கத் தொடங்கியது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மன் உதவியோடு 1990களின் தொடக்கத்தில் வந்தது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும் இருக்கிறது. இன்று மலையகப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கிறவர்களில் பெரும் பகுதியினர் அதே லயங்களில் பிறந்தவர்கள். கல்வி உளவியல் பாடத்தில் வரும் பிள்ளை அவர்களுக்கு மாணவர் மட்டுமில்லை. அந்தப் பிள்ளை அவர்களே.

இது எவ்வளவு கனமானது என்பதை பவுல்பி வரும் நாளில்தான் உணர்ந்தேன். தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்த உளமருத்துவர் ஜோன் பவுல்பி 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில், சின்ன வயதில் தாயின் இடையறாத அன்பு பிள்ளையின் மனநலத்துக்கு எவ்வளவு தேவை என்று வலியுறுத்தினார். குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி பேனாவை வைத்துவிட்டாள். "மிஸ், எங்கம்மா வெள்ளென வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போயிருவாங்க. என்னைய புள்ளைங்களப் பாத்துக்கிற புள்ளமடுவத்துல விட்டுட்டுத்தான் போவாங்க. அந்திக்குத்தான் வருவாங்க. அப்ப எங்கம்மா செஞ்சது பிழையா?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. அவள் ஒருத்திக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. ரியூட்டில் இதற்கு விடை கிடையாது. ஆனால் இதே ஆய்வுத்துறைக்குள் விடை இருக்கிறது. பவுல்பியோடு வேலை செய்த மேரி ஐன்ஸ்வேர்த் 1950களில் உகண்டாவில் கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்க் கவனித்தார். உழைக்கும் தாய்மார். பிள்ளையை மற்றவர்களும் பார்த்துக்கொள்ளும் வீடுகள். அப்படியிருந்தும் பாதுகாப்பான பிணைப்போடு வளர்ந்த பிள்ளைகள் அங்கே நிறையவே இருந்தார்கள். பிள்ளையின் அழுகைக்கும் சிரிப்புக்கும் தாய் எப்படிப் பதில் கொடுக்கிறாள் என்பதில்தான் ஐன்ஸ்வேர்த்தின் கவனம் பிறகு முழுவதும் போனது. ஒரு பிள்ளை ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு பிணைப்பு வைத்துக்கொள்ளும் என்பதும் பின்னால் வந்த ஆய்வுகளில் தெளிவானது. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவளுடைய அம்மா அந்தியில் வந்து கூடையை இறக்கியதும் முதலில் என்ன செய்வார் என்று கேட்டேன். "என்னையத் தூக்கிக்குவாங்க மிஸ். கையெல்லாம் கொழுந்துக் கறையா இருக்கும்" என்றாள். அதற்கு மேல் நான் எதையும் விளக்கவில்லை.

இந்தப் பாடத்தை இந்த மண்ணில் படிப்பிக்கிறவர்கள் பவுல்பியை மட்டும் சொல்லி ஐன்ஸ்வேர்த்தின் உகண்டாவை விட்டுவிட்டால், ஒரு மண்டபம் நிறைந்த பிள்ளைகளுக்கு அவர்களுடைய தாய்மாரைக் குற்றவாளியாகக் காட்டி அனுப்புகிறோம். பாடத்தின் மேல் மாணவர்களுக்கு வெறுப்பு வர இது போதாதா? இன்று அம்மா மத்திய கிழக்கில் இருக்க, அம்மாயியிடம் வளரும் பிள்ளைகளும் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படிப்பிக்கப் போகிறவர்களிடம் அரைகுறை பவுல்பியைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"வகுப்புல என்ன செய்யணும்னு ஸ்டெப் ஸ்டெப்பாச் சொல்லுங்க மிஸ்" என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான அவசரம். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1892இல் அமெரிக்க ஆசிரியர்களுக்கு உளவியல் பற்றி உரையாற்றியபோதே அவருக்கும் இந்த எதிர்பார்ப்புத் தெரிந்திருக்கிறது. உளவியல் ஒரு விஞ்ஞானம், கற்பித்தல் ஒரு கலை, விஞ்ஞானத்திலிருந்து கலை நேராகப் பிறந்துவிடாது, இடையில் ஒரு மனிதரின் புத்தி நிற்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். இத்தனை வருடம் கழிந்தும் இதற்குமேல் சரியாக யாரும் சொல்லியதாக எனக்குத் தெரியவில்லை. அந்த இடைநின்ற புத்தியை மாணவர்கள் எழுதித் தரும் ஒப்படைகளில் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோசத்தை இங்கே எழுதத்தான் வேண்டும்.

கற்பித்தல் பயிற்சிக்குப் போன ஒரு தம்பி தனியாள் ஆய்வுக்காகத் தரம் 4இல் கணிதத்தில் மிகவும் பின்தங்கிய ஒரு பையனைத் தெரிவு செய்தார். கொப்பியில் 500இலிருந்து 185ஐக் கழிக்கச் சொன்னால் அவன் 485 என்று எழுதுவான். எப்போதும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுகிறான், எது மேலே எது கீழே என்று பார்ப்பதில்லை. வகுப்பாசிரியர் "இவனுக்கு ஏறாது" என்று சொல்லிவிட்டார். இந்தத் தம்பி அதோடு விடவில்லை. பின்னேரம் அந்தப் பையன் கடைக்குப் போகும்போது கூடவே போனார். 185 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 500 ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் மிச்சம் எண்ணும் முன்னாலேயே பையன் "315 தாங்க" என்றிருக்கிறான். எப்படி என்று கேட்டதற்கு, 15 போட்டா 200, அதுக்கு மேல 300 என்று சொல்லியிருக்கிறான்.

ஒப்படையில் அந்தத் தம்பி பிரேசில் ஆய்வைத் தானாகவே கொண்டுவந்து இணைத்திருந்தார். ரெசிஃபே நகரத்தில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளோடு நூனிஸ் கராஹரும் உடன் ஆய்வாளர்களும் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வு அது. விற்கும் இடத்தில் வைத்துக் கேட்டபோது அந்தப் பிள்ளைகள் 98 வீதமான கணக்குகளைச் சரியாகச் செய்தார்கள். அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 வீதமே சரி. தம்பி கடைசியாக எழுதியிருந்த வரி, அடுத்த வாரம் கழித்தலைக் கடைக் கணக்கிலிருந்து தொடங்கி, பையனின் கூட்டிப் போகும் முறையைப் பலகையில் எழுதிக் காட்டி, பிறகு கொப்பி முறைக்கு வருவது என்ற திட்டம். பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் மற்றவர் உதவியோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பகுதியை அண்மை விருத்தி வலயம் என்றார் உளவியலாளர் விகொட்ஸ்கி. பரீட்சையில் அந்த வலயத்துக்கு வரைவிலக்கணம் எழுதச் சொன்னால் இவருக்கு எத்தனை புள்ளி வருமோ தெரியாது. அந்த வலயம் எங்கே இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்துவிட்டார்.

மாணவர்களுக்குப் பிடித்ததெல்லாம் சரியானது என்றும் நான் சொல்ல வரவில்லை. இந்தப் பாடத்தில் அவர்கள் மிகவும் விரும்பும் பகுதி கற்றல் பாணிகள். பார்த்துக் கற்கிறவர், கேட்டுக் கற்கிறவர், செய்து கற்கிறவர் என்று தங்களையே பிரித்துப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி. 2008இல் நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் துருவிப் பார்த்தார்கள். பாணிக்கு ஏற்றபடி படிப்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவாக எழுதினார்கள். இதைச் சொல்லும்போது வகுப்பு என்னைக் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் பார்க்கும். சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஒரு பிள்ளையை "இவன் கேட்டுக் கற்கிறவன்" என்று முத்திரை குத்தி வாசிப்பிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள். அதனால் சொல்கிறேன். வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது ஒரு வாரத்துக்குப் பிறகும் நிற்கும் என்று ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் காட்டியது அவர்களுக்கு அவ்வளவு கவர்ச்சியாகத் தெரிவதில்லை. பரீட்சைக்கு அப்படிப் படித்துப் பார்த்த பிறகு வந்து கேட்பார்கள், இதைத் தரம் 5 பிள்ளைகளுக்கு எப்படிச் செய்வது என்று.

பாடத்தைப் பற்றிய மனப்பாங்கை அளப்பதற்கு முறையான வழி உண்டு. ரென்சிஸ் லிக்கேட் 1932இல் கொடுத்த வகையிலான அளவுத்திட்டத்தில், முற்றாக உடன்படுகிறேன் என்பதிலிருந்து முற்றாக உடன்படவில்லை என்பது வரை ஐந்து பெட்டிகள். பாட முடிவில் அப்படி ஒரு தாளை நாங்களும் கொடுக்கிறோம். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். பெரும்பாலும் எல்லாக் கூற்றுக்கும் முற்றாக உடன்பட்டுத்தான் வருகிறது. படிப்பித்தவரை மனம் நோகச் செய்யக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் வேறு எப்படி நிரப்புவார்கள்? மனப்பாங்குக்கு எண்ணம், உணர்வு, நடத்தை என்று மூன்று பகுதி உண்டு என்று அதே பாடத்தில்தான் படிப்பிக்கிறோம். பெட்டியில் விழும் புள்ளடியைவிட, கற்பித்தல் பயிற்சிக்குப் போன இடத்தில் அவர்கள் கை என்ன செய்கிறது என்று பார்ப்பதே எனக்கு நம்பிக்கையான அளவு.

அங்கேதான் மனம் கனத்துவிடுகிறது. தண்டனைக்கும் எதிர்மறை மீளவலியுறுத்தலுக்கும் (பிடிக்காத ஒன்றை நீக்கி ஒரு நடத்தையைக் கூட்டுவதற்கும்) உள்ள வித்தியாசத்தைத் தாளில் பிழையில்லாமல் எழுதிய ஒருவர் வகுப்பில் பிரம்போடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டிருப்பதும் அவருக்குத் தெரியும். டான் லோட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் எழுதியதை நான் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவில் ஒரு மாணவர் பள்ளிப்படிப்பை முடிக்கும்போது ஏறக்குறைய 13,000 மணித்தியாலம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் என்றும், அந்தப் பார்வையே ஒரு நீண்ட பயிற்சியாக அமைந்துவிடுகிறது என்றும் அவர் சொன்னார். நம் பிள்ளைகளும் முதலாம் தரத்திலிருந்து உயர்தரம் வரை பார்த்த பயிற்சியோடுதான் வருகிறார்கள். ஓர் அறிமுகப் பாடத்துக்குக் கிடைப்பது அதில் ஒரு துளி நேரம்.

"அடிச்சுத்தான் எங்களப் படிக்க வச்சாங்க மிஸ். நாங்க இன்னைக்கு வந்திருக்கோம்ல" என்பது ஒவ்வொரு தொகுதியிலும் வரும் பேச்சு. நன்றியோடுதான் சொல்கிறார்கள். அந்த நன்றியை நான் குறைத்துப் பேசுவதில்லை. உங்களோடு முதலாம் தரத்தில் சேர்ந்தவர்களின் பெயரை ஞாபகத்திலிருந்து எழுதுங்கள் என்று மட்டும் கேட்பேன். எழுதுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இப்போது எங்கே என்று எழுதச் சொல்வேன். கொழும்பில் கடையில், கட்டுநாயக்கவில் கார்மெண்ட்ஸில், சவூதியில், தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டு, கலியாணம் கட்டிக்கொண்டு. அதே பிரம்படி இவர்களுக்கும் விழுந்ததுதான். இவர்கள் இந்த மண்டபத்தில் இல்லாததால் பிரம்பு வேலை செய்யவில்லை என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. பட்டியலை எழுதி முடித்துவிட்டுச் சிலர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பட்டியல் மேசையில் கிடக்கும்போதே ஆசிரியரின் எதிர்பார்ப்பை ஆராய்ந்த ரொசந்தாலையும் ஜேக்கப்சனையும் கொண்டுவருகிறேன். கலிபோர்னியாவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் குருட்டாம்போக்கில் தெரிந்தெடுத்த ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளை, இவர்கள் இந்த வருடம் சட்டென்று முன்னுக்கு வருவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். வருட முடிவில் சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்மதிப் (IQ) புள்ளி மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியிருந்தது. 1968இல் இது வெளிவந்த பிறகு அளவீடுகளைப் பற்றிக் கடுமையான கேள்விகள் எழுந்தன. அந்தக் கேள்விகளையும் மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். 2005இல் ஜுசிமும் ஹார்பரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துச் சொன்னது இன்னும் நிதானமானது. ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையை மாற்றுவது உண்மை, பொதுவாக அந்த விளைவு சிறியது, ஆனால் சமூகத்தில் தாழ்வாகப் பார்க்கப்படும் பிரிவுகளின் பிள்ளைகளிடம் அது பலமாக வேலை செய்யக்கூடும். கடைசிப் பகுதியை நான் பலகையில் எழுதுவேன். யாரைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"தோட்டத்துப் புள்ளைக்கு இவ்வளவுதான் ஏறும்" என்ற பேச்சை வெளியாட்கள் மட்டும் பேசுவதில்லை. ஆசிரியர் அறையில் நம்மவர்களே பேசுகிறோம், களைப்பில், அக்கறையில், பழக்கத்தில். ஆசிரியப் பயிற்சியில் பாட அறிவு படிப்பிக்கிறோம், பாடக்குறிப்பு எழுதப் படிப்பிக்கிறோம், பலகையைப் பயன்படுத்தப் படிப்பிக்கிறோம். அந்தப் பேச்சை எடுத்து வைத்து இது மெய்யா என்று கேட்பதற்குக் கல்வி உளவியலைப் போல் இடம் தரும் பாடம் வேறு இல்லை. அதனால்தான் சீனியர்கள் கொடுத்துவிடும் அந்தத் தீர்ப்பு என்னை இவ்வளவு உறுத்துகிறது. மாணவர் இந்தப் பாடத்தை ரசிக்காவிட்டாலும் பரவாயில்லை. பியாஜேயோடு சண்டை போடட்டும், பவுல்பியைக் கோபிக்கட்டும். பாடம் முடியும்போது ஒரு பிள்ளையால் என்ன முடியும் என்பதைப் பற்றிய அவருடைய எண்ணம் கொஞ்சமாவது இடம் பெயர்ந்திருக்க வேண்டும்.

உடன் வேலை செய்கிறவர்களோடு இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதாது, பரீட்சை வினா எப்படி வருகிறதோ அப்படித்தான் படிப்பிக்க முடியும் என்கிறார்கள். நேரத்தைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மை. அப்படியென்றால் வினாவை மாற்றலாம் என்பது என் பதில். முதல் மாதம் கோட்பாட்டாளர் பெயர் எதுவும் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைத் தெரிவு செய்து பார்த்து எழுதட்டும். பிறகு அந்தக் குறிப்புகளுக்குள் பியாஜேயும் விகொட்ஸ்கியும், மற்றவரைப் பார்த்துக் கற்பதை ஆராய்ந்த பண்டூராவும் தேவைப்படும் இடத்தில் வரட்டும். தனியாள் ஆய்வு இப்போது பயிற்சியின் பிற்பகுதியில் ஒப்படைக்காக அவசர அவசரமாகச் செய்யப்படுகிறது. அதை முன்னுக்குக் கொண்டுவர ஒரு நேரசூசி மாற்றம் போதும். வினாத்தாளில் "பியாஜேயின் அறிகை வளர்ச்சிப் பருவங்களை விளக்குக" என்ற வினாவுக்குப் பதிலாக நான் எழுதி வைத்திருக்கும் வினா இது:

"தரம் 2இல் ஒரு பிள்ளை சரியான விடையைச் சொல்கிறது. நீங்கள் கேள்வியைத் திரும்பக் கேட்டதும் விடையை மாற்றிவிடுகிறது. அந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்? உங்கள் ஊகம் சரியா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளையிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?"